எங்கே எழுதுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் நெல்லியடியில் வசிக்கிறேன். பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த என் அம்மம்மா சொல்லும் பழைய கதைகளைச் சில ஆண்டுகளாக முகநூலில் எழுதி வருகிறேன். அண்மையில் அந்த ஊரில் வழிப்போக்கர் தங்கிய தெருமூடி மடத்தைப் பற்றி எழுதியதன் இணைப்பை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது முகநூலை வயதானவர்கள்தான் பார்க்கிறார்கள், யூடியூபுக்கோ டிக்டொக்குக்கோ வா என்று நண்பிகள் வற்புறுத்துகிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள், எல்லாமே நேர விரயம், விட்டுவிட்டு வேறு வேலையைப் பார் என்கிறாள். நீங்கள் வலைப்பதிவுக் காலத்திலிருந்து இணையத்தில் எழுதுகிறவர். உங்கள் அனுபவத்தில் எந்தத் தளம் நல்லது?

ஒரு வாசகி, நெல்லியடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பதிவை ஒருமுறையும் அதன் கீழே வந்திருந்த பின்னூட்டங்களை இருமுறையும் வாசித்தேன். வீதிக்கு மேலே கூரையும் இருபுறமும் திண்ணைகளுமாக நிற்கும் அந்த மடத்தை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே யார் படுத்திருந்தார்கள், என்ன பாரம் இறக்கினார்கள், எந்தக் காலத்தில் கூட்டம் கூடும் என்பதையெல்லாம் சொன்னவர்கள் நோர்வேயிலும் லண்டனிலும் இருக்கும் பருத்தித்துறைக்காரர்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை வைத்து நான் எந்தத் தளத்தையும் மதிப்பிடுவதில்லை. நாம் எழுதியதற்குக் கீழே என்ன பேச்சு எழுகிறது? எனக்கு அதுதான் அளவுகோல்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இணைய நிலையங்கள் வந்த காலத்தில் பாமினி எழுத்துருவில்தான் தட்டினோம். வாசிப்பவரின் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அவருக்கு வெறும் குறிகளே தெரியும். எந்தக் கணினியிலும் தமிழைக் காட்டும் யூனிகோட் பரவி, பிளாக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் எழுதத் தொடங்கிய பிறகே முன்பின் தெரியாதவர்கள் என்னை வாசித்தார்கள். பலருடைய வலைப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டி வழியாகச் சிங்கப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, நிதானமாக, பத்தி பத்தியாக மறுத்து எழுதினார்கள். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு தனித்துப்போன நாட்களில், நான்கு வரி எழுதினால் நாற்பது வரியில் பதில் எழுதிய அந்த மனிதர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

டுவிட்டரில் எனக்கு மனம் ஒட்டவில்லை. 140 எழுத்துகள் என்ற எல்லை தமிழுக்கு இன்னும் குறுகியது. ‘கி’ என்ற ஒரே எழுத்தை மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டாகக் கணக்கிடுவார்கள். 2017 நவம்பரில் எல்லையை 280 ஆக்கினார்கள் என்றாலும், அதற்குள் அங்கே சண்டைதான் பழகிப்போயிருந்தது. கூகுள் பிளஸில் நல்ல உரையாடல் நடந்தது. 2019 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். ஓர்குட் என்ற இன்னொரு சமூகத் தளம் அதற்கு முன்பே, 2014இல் போய்விட்டது.

முகநூலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, வெள்ளைக்காரர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றியபின் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப் பற்றி அங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். புத்தகங்களில் கிடைக்கும் செய்திகள்தான். அதன் கீழே லண்டனிலிருந்து ஒரு முதிய அம்மா, கப்பல் புறப்படும் நாளில் வீட்டுப் பெண்கள் கடைப்பிடித்த நேர்த்திகளைத் தன் தாய் சொன்னபடி எழுதினார். இன்னொருவர் அதை மறுத்தார், தங்கள் ஒழுங்கையில் வழக்கம் வேறு என்றார். பாய் தைத்தவர்கள் யார், கயிறு எங்கிருந்து வந்தது என்று பேச்சு நீண்டது. ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்து, போரினால் வெவ்வேறு கண்டங்களுக்குப் போனவர்கள் அந்தப் பதிவின் கீழே மீண்டும் அயலவர்களாகிப் பேசினார்கள். எந்த நூலிலும் இல்லாத செய்திகள் அவை. நேர விரயம் என்று உங்கள் மச்சாள் சொல்வதை இதனால்தான் நான் ஏற்கமாட்டேன்.

அந்த அம்மா காலமானபின் பிள்ளைகள் அவருடைய கணக்கை நீக்கினார்கள். அவர் எழுதியவை எல்லாம் என் பதிவின் கீழிருந்து மறைந்துவிட்டன. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, கணக்கை நீக்கினால் பின்னூட்டங்களும் போய்விடும். நான் அவற்றை முன்பே பிரதி எடுத்திருந்ததால் அச்சிட்டு அவருடைய மகளுக்கு அனுப்ப முடிந்தது. தங்கையே, முகநூலிலிருந்து உங்கள் தரவுகளைப் பதிவிறக்கினாலும் உங்கள் பதிவுகளும் நீங்கள் இட்ட பின்னூட்டங்களும்தான் வரும். உங்கள் பதிவின் கீழே மற்றவர்கள் எழுதியவை வருவதில்லை. அவற்றை நாமே எடுத்து வைத்தால்தான் உண்டு.

வட்ஸ்அப் ஊர்க் குழுக்களில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தட்டச்சுத் தெரியாத பெரியவர்கள் அங்கே குரலில் பேசுகிறார்கள். ஆனால் பேசியது யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் கிடக்கிறது. மரண அறிவித்தல்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே அதைத் தேடி எடுப்பதும் பெரும்பாடு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, பிள்ளைகளின் குரலைக் கேட்க இந்தச் செயலிகளையே நம்பியிருந்த தாய்மார் பட்ட தவிப்பை அயலில் பார்த்தேன். ஒரே வழியை நம்பியிருக்கக்கூடாது என்று அப்போது உறுதியாக நினைத்தேன்.

யூடியூபுக்குப் போவதென்றால் போங்கள், அம்மம்மாவின் குரலும் முகபாவமும் எழுத்தில் வராதவை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வன்னியில் ஒரு தாய் உலர் உணவுப் பொதி வாங்கக் கைநீட்டுவதையும் அவர் அழுவதையும் அருகில் நின்று படம்பிடித்துப் போடும் காணொளிகள் நம்மிடையே பெருகிவிட்டன. கொடுப்பவர்களின் மனம் நல்லதாகவே இருக்கட்டும். வாங்குகிற வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போகவேண்டும், அதே காணொளியை வகுப்பில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கையில் நெஞ்சு பதறுகிறது. அம்மம்மாவைப் படம்பிடிக்கும்போதும் அவர் அழும் இடத்தில் கருவியை நிறுத்திவிடுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கை கூடுவது அந்த இடத்தில்தான் என்று நண்பிகள் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

நான் செய்வது இதுதான். முதலில் என் தளத்தில் எழுதுகிறேன், பிறகு முகநூலில் இடுகிறேன். அங்கே வரும் நல்ல பின்னூட்டங்களை, எழுதியவரிடம் அனுமதி கேட்டு, திகதியோடு மூலக் கட்டுரையின் கீழே சேர்க்கிறேன். பெயர் வேண்டாம் என்பவருக்கு ஊர் மட்டும். கதைகள் ஓரளவு சேர்ந்தபின் நூலக நிறுவனத்துடன் பேசுங்கள். 2005 முதல் நம்முடைய நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறவர்கள், வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள்.

உங்கள் பதிவில் நோர்வேக்காரர் ஒருவர், தன் தகப்பன் மாட்டுவண்டியில் புகையிலை கொண்டுவந்து மடத்தில் இரவு தங்கியதாக ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு இதயக்குறியோடு விட்டுவிட்டீர்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை வண்டிகள் சேர்ந்து வந்தன, இரவுச் சாப்பாடு எங்கே என்று அவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அம்மம்மாவிடமும் அதை வாசித்துக் காட்டுங்கள், அந்த வண்டிகளை அவர் கண்டிருக்கக்கூடும். கிடைப்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா