மடிக்கணினி வாங்குவது மட்டுமே திட்டமாகாது: கேள்வி பதில்

அமெரிக்கப் பொதுப்பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளின்) தொழில்நுட்பத் திட்டமிடல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பெருந்தொற்றுக் கால நிதியில் எல்லா மாணவருக்கும் குரோம்புக் (கூகுள் மென்பொருளில் ஓடும் மடிக்கணினி) கொடுத்தார்கள். இப்போது பழுதானவற்றை மாற்றப் பணமில்லை என்கிறார்களே, ஐயா?

ஒருமுறை வந்த பணத்தை நம்பி, ஆண்டுதோறும் வரும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டரசு நிதியின் கடைசித் தவணைக்கு 2024 செப்டம்பர் 30 கெடு என்பது முன்பே தெரிந்ததுதான். வாங்கும் தீர்மானத்திலேயே மாற்றும் ஆண்டையும் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் சுமை பரவிவிடும்.

இன்னொன்றும் உண்டு. குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டுகள் மென்பொருள் ஆதரவு தருவதாக கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த வகை முதலில் வெளியான காலத்திலிருந்தே ஓடுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை அள்ளும் மாவட்டங்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பள்ளிகளுக்கான ஈ-ரேட் என்ற கூட்டரசுத் திட்டத்தின் தள்ளுபடியில் மாணவர் மடிக்கணினி வாங்கலாமா?

முடியாது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்வழி வந்த அந்தத் திட்டம் இணைய இணைப்புக்கும் வளாக வலையமைப்புக்கும் உரியது. வறுமை, ஊரகத்தன்மை ஆகியவற்றைப் பொறுத்துத் தள்ளுபடி 20 முதல் 90 விழுக்காடு வரை.

நான் ஆசிரியை. புதுக் கருவிக்கு அரைநாள் பயிற்சி போதும் என்கிறார்கள். நியாயமா?

இல்லை, அம்மா. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 2013இல் ஐபேட் வழங்கத் தொடங்கியது. சில வாரங்களிலேயே மாணவர்கள் அதில் போட்டிருந்த இணையக் கட்டுப்பாடுகளைத் தாண்டிவிட்டார்கள். மறு ஆண்டே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கருவி முதலில், பாடம் பிறகு என்று போனால் இப்படித்தான். எந்தப் பாடத்தில் எது மாறப்போகிறது என்று ஆசிரியர்கள் முதலில் சொல்லட்டும். பயிற்சியும் ஆண்டு முழுவதும், சம்பளத்துடன் கூடிய நேரத்தில் நடக்கட்டும்.

என் மகளின் விவரங்கள் எந்தெந்தச் செயலிகளுக்குப் போகின்றன?

மாவட்டம் அனுமதித்த செயலிகளின் பட்டியலையும் தரவு ஒப்பந்தங்களையும் கேளுங்கள். மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்க 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் உண்டு. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களை இணையத்தில் திரட்டுவதைக் கட்டுப்படுத்தும் கோப்பா சட்டமும் உண்டு. பட்டியலே இல்லை என்றால், அதை மாவட்டத்தை மேற்பார்க்கும் பள்ளி வாரியத்தின் கூட்டத்தில் சொல்லுங்கள்.

வாரியக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கிடைத்திருக்கிறது. எதைக் கேட்பது?

“மாவட்டம் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் யாரும் திறக்காதவை எவை, எப்போது நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். பயன்பாட்டுக் கணக்கு மாவட்ட அலுவலகத்திலேயே இருக்கும். பழுதுபார்ப்புக்கான பணம் பெரும்பாலும் அந்த மென்பொருள்களில்தான் சிக்கிக் கிடக்கிறது.