கட்டிங் மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் கெட்டிக்காரர், ஆனால் யாரையும் மதிப்பதில்லை. செக்கிங் பெண்களை எடுத்தெறிந்து பேசி, செவ்வாய்க்கிழமை ஒரு பெண் முன்னால் பண்டலையே தூக்கி வீசியதில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். கேட்டால், "அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க" என்கிறார். ஷிப்மெண்ட் நேரத்தில் நிறுத்தவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவரைக் கூட்டி வந்த மாமன், பங்காளி மூலமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். நம் பக்கம் ஆள் சேர்வதே சொந்தபந்தம் வழியாகத்தான். புகாரும் அதே வழியில் போய், சேரும்போது உப்பு காரம் கூடிவிடுகிறது. நீங்களே பேசுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரம் வேண்டாம். வாரத்தின் நடுவில் ஒரு நாள், லைனை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பேசுங்கள்.

"உங்களுக்குத் திமிர் ஜாஸ்தி" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "மாஸ்டர், செவ்வாய்க்கிழமை அளவு குறைஞ்ச பீஸைக் காட்டின பொண்ணு முன்னாடி பண்டலைத் தூக்கி வீசினீங்க. அது இங்க கூடாதுங்க" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் அவர் பேசட்டும், குறுக்கிடாதீர்கள். நம் முதலாளிகளுக்கு இதுதான் கஷ்டமான வேலை.

கேட்டால் வேறு கதை வரலாம். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து, இழுப்பு தளரும்வரை போட்டு வைத்துத்தான் வெட்ட வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்து, நீங்கள் அன்றைக்கே லே போட, அதாவது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிக்கச் சொல்லியிருந்தால், வெட்டிய பீஸ் பின்னால் சுருங்கும். பழி மாஸ்டர் தலையில் விழும். உங்களிடம் காட்ட முடியாத கோபத்தை அவர் செக்கிங் பெண்ணிடம் காட்டுவார். துணி பிரித்த நேரம், லே போட்ட நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். அளவு ஏன் குறைந்தது என்ற சண்டை பாதி அடங்கும். அதற்காகப் பண்டலை வீசியது நியாயமாகிவிடாது. அதைத் தனியாகக் கண்டிக்க வேண்டும்.

இன்னொன்று, அவர் இல்லாவிட்டால் டேபிள் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும். கூட நிற்கும் கை ஆளுக்கு மார்க்கர் போட (எந்த பீஸை எங்கே வெட்டுவது என்று வரைய), லே போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டாம், மாஸ்டரிடமே கேளுங்கள். கற்றுக்கொடுத்தால் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

இதற்குப் பிறகும் தொடர்ந்தால் தேதி, சம்பவம், பார்த்தவர்கள் எல்லாம் எழுதி, தமிழிலேயே மெமோ கொடுத்து விளக்கம் வாங்குங்கள். கோபத்தில் வாரச் சம்பளத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அபராதம் என்றாலும் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; அதற்கும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்ட விதி வேண்டும், அவர் தரப்பைக் கேட்டிருக்கவும் வேண்டும். கடைசியில் நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால், விசாரணை நடத்தி எழுத்தில் வைத்துவிட்டு நீக்குங்கள். சேர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். நின்றுபோன இரண்டு பெண்களுக்கும் நீங்களே போன் செய்து கூப்பிட்டுப் பாருங்கள், சூப்பர்வைசரை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள்.