கீழே குளிர், மேலே புழுக்கம்: மாலுக்கு இன்னொரு சில்லர் தேவையா?

கேள்வி: மூன்று மாடி ஷாப்பிங் மாலின் பராமரிப்பைக் கவனிக்கிறேன். ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. தரைத்தளப் பணியாளர்கள் குளிர்கிறது என்கிறார்கள். மேல்தளத்தில் வாடிக்கையாளர்கள் புழுங்குகிறது என்கிறார்கள். கரன்ட் பில்லோ ஏறிக்கொண்டே போகிறது. ஏசிக்கான நீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லர் இன்னொன்று வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கீழே நடுங்குகிறார்கள் என்றால் குளிர் இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகவில்லை. உச்சி வெயில் நேரத்தில் சில்லருக்குள் போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பாருங்கள். பொதுவாக 5, 6 டிகிரிக்குத்தான் வடிவமைப்பார்கள். 2, 3 தான் வருகிறது என்றால், இருக்கும் சில்லரின் திறனே முழுதாகப் பயன்படவில்லை.

அடுத்தது காற்று. மெல்லிய டிஷ்யூ கீற்று ஒன்றை எடுத்து, வாசல் கதவை விரலளவு திறந்து அந்த இடுக்கில் பிடியுங்கள். மொட்டைமாடிக் கதவிலும் அப்படியே. கீழே வெளிப்பக்கமும் மேலே உள்பக்கமும் பறந்தால், கனமான குளிர்காற்று எஸ்கலேட்டர் திறப்பு வழியாக இறங்கி வாசலில் வெளியேறுகிறது. அதற்கு ஈடாக மேலே வெப்பக்காற்று நுழைகிறது. மேல்தள இடுக்குகளை அடைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் புகை போகும் திறப்புகளில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இரண்டு கதவிலும் காற்று உள்ளேயே இழுத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஃபுட் கோர்ட் எக்ஸாஸ்டைத்தான். அடுப்பு அணைந்த பிறகும் அது முழு வேகத்தில் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அது உறிஞ்சும் அளவுக்கு ஃபிரெஷ் ஏர், அதாவது ஏசி வழியாக உள்ளே தரும் வெளிக்காற்று, கொடுக்காவிட்டால், கட்டடம் வெளிக்காற்றைக் கிடைத்த சந்தில் எல்லாம் இழுக்கும். வாசலில் காற்றைத் திரைபோல வீசும் ஏர் கர்ட்டன் மாட்டுவதால் இது தீராது. எக்ஸாஸ்டுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டுச் சமையலுக்கு ஏற்ப வேகத்தைக் குறையுங்கள். வேகம் 80 சதவீதமானால் ஃபேனின் மின்செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். கூட்டம் குறைந்த நாட்களில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரை வைத்து ஃபிரெஷ் ஏரைக் குறைக்கலாம், ஆனால் எக்ஸாஸ்டைவிடக் கீழே இறங்க விடாதீர்கள்.

மேல்தளத்தில் கண்ணாடிக் கூரையா? தெர்மோஸ்டாட் பெரும்பாலும் காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். மேலிருந்து இறங்கும் கதிர்வீச்சு வெப்பத்தை உடம்புதான் உணரும். நிழல் திரையைக் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்தாகிவிட்டது.

இவை சரியான பிறகு 22 தேவைப்படாது. நடைபாதைகளில் 25 வைத்து, மெதுவாகச் சுழலும் பெரிய சீலிங் ஃபேன் போடலாம். விநாடிக்கு 0.8 மீட்டர் வேகக் காற்று, 2 முதல் 3 டிகிரி குறைத்தது போன்ற சுகத்தைத் தரும். ஏசியின் வெப்பநிலை சென்சார் விளம்பர பேனருக்குப் பின்னால் சிக்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அதற்குப் பிறகும் புகார் வரும். அறைச்சூழல் சுகத்தை ஆராய்ந்த டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் வகுத்த கணக்குப்படி, மிகச் சரியான சூழலிலும் 100 பேரில் 5 பேருக்குத் திருப்தி இருக்காது.