வீட்டுக் கடன் முடியாத வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடலாமா?

கேள்வி: "வீட்டுக் கடன் இன்னும் பல வருடம் ஓட வேண்டியிருக்கிறது. நாங்கள் அதே வீட்டில்தான் குடியிருக்கிறோம். காலியாகக் கிடக்கும் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைத் தவணைக்குக் கட்டலாமா? வங்கிக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?"

விடலாம். ஆனால் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு விடுங்கள்.

நானும் கடன் முடியாத வீட்டில் ஓர் அறையைச் சில வருடங்களாக வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதற்கு முன்பு இதே மாதிரி ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியும் இருந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு என்ன ஆபத்து என்பதோடு நின்றுவிடுகின்றன. வங்கிக்குத் தெரியாமல் விடும்போது முதலில் அடிபடுகிறவர் அந்த அறைக்குக் குடிவருபவர்தான். கடன் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அதனால் அவரையும் மனதில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் கடன் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு நிபந்தனைகளைத் தேடுங்கள். ஒன்று, கடன் வாங்கியவர் அந்த வீட்டில் தானே குடியிருக்க வேண்டும் என்பது. சொந்தக் குடியிருப்புக்கு ஒரு வட்டி, வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கூடுதல் வட்டி என்று பல வங்கிகள் பிரித்து வைத்திருக்கின்றன. கையில் காசு இறுகும்போது, ஒருவர் தான் படுத்துத் தூங்கும் வீட்டின் தவணையைத்தான் கடைசிவரை விடாமல் கட்டப் பார்ப்பார் என்பது அவர்கள் அனுபவம். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் கடன் பத்திரத்தில், 60 நாட்களுக்குள் குடியேற வேண்டும், குறைந்தது ஓராண்டு குடியிருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கும். நீங்கள் அங்கேயே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விடுவதால் இந்த நிபந்தனை பொதுவாக உடைவதில்லை. முழு வீட்டையும் விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவதுதான் சிக்கல்.

இரண்டாவது நிபந்தனைதான் உங்களுக்கு முக்கியம். வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ யாருக்கும் வாடகைக்கோ குத்தகைக்கோ கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். 'பகுதி' என்ற சொல் இல்லாவிட்டாலும் அது அறைக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வரியே இல்லை என்றால்? இந்தியாவில் 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடமானம் வைத்தவர், சொத்து தன் கைவசம் இருக்கும்வரை அதை வாடகைக்கு விடலாம் என்கிறது அது. கூடவே வரம்பும் போடுகிறது. கட்டடம் என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குத்தான் விட வேண்டும். வாடகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளக் கூடாது. கடன் பத்திரத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் பத்திரத்தில் உள்ளதுதான் செல்லும். இந்த வரம்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். நாளைக்கு வீடு வங்கியின் கைக்குப் போனாலும், யாரோ ஒருவர் அடிமாட்டு வாடகைக்குப் பத்து வருடம் உட்கார்ந்திருக்கும் நிலை வராமல் அவை பார்த்துக்கொள்கின்றன. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் இந்த மூன்று வரம்புகளும் நல்ல வழிகாட்டி: காலம் குறைவு, வாடகை நியாயம், முன்பணம் சிறிது.

அடுத்து, நீங்கள் கொடுப்பது எது என்பதில் தெளிவாக இருங்கள். ஒரு வீட்டையோ தனிப் பகுதியையோ பூட்டுச் சாவியோடு ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது வேறு. சமையலறை, கூடம் எல்லாம் உங்களோடு பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் ஒருவர் தங்குவது வேறு. முதலாவதில் அவருக்குக் குடித்தன உரிமை உருவாகிறது. இரண்டாவதில் பல நாடுகளில் வெறும் தங்கும் அனுமதிதான். ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதினீர்கள் என்பது இதைத் தீர்மானிக்காது. 1985-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. வாடகை வாங்கிக்கொண்டு, ஒரு காலத்துக்கு, மற்றவர் நுழைய முடியாதபடி இடத்தை ஒப்படைத்துவிட்டால், நீங்கள் 'அனுமதி' என்று எழுதியிருந்தாலும் அது குடித்தனம்தான். வங்கிகளுக்கு இரண்டாவது வகையில் பெரிய தயக்கம் இருப்பதில்லை. தனி வாசல், தனிச் சமையலறை என்று ஒரு பகுதியைத் தடுத்து விடப்போகிறீர்கள் என்றால்தான் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, தெரிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தவணை ஒழுங்காகப் போகும்வரை ஒன்றும் ஆகாமல் போகலாம். அதனால்தான் பலர் துணிகிறார்கள். தவணை நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கு ஒரு வங்கி நோட்டீஸ் வந்தது. அந்த வீட்டின் மேல் கடன் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். நாங்கள் மாதம் தவறாமல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரோ அதை வைத்து வேறு கடன்களைச் சமாளித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, திணறிக்கொண்டிருந்தவர். ஆனால் வங்கியிலிருந்து வந்தவர்களுக்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை. எங்களைப் பற்றி அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அவசரமாக வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கொடுத்த அட்வான்ஸ் முழுவதும் திரும்பவில்லை.

சட்டமும் அந்த நிலையில் பெரிய ஆறுதல் தருவதில்லை. அடமானத்துக்குப் பிறகு விடப்பட்ட வாடகை, நான் மேலே சொன்ன 65ஏ பிரிவுக்கு உட்பட்டு முறையாக இருந்தால்தான் வங்கிக்கு எதிராக நிற்கும் என்ற நிலையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல் எடுத்தது. பிரிட்டனில் இதற்கென்றே 2010-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வங்கியின் அனுமதி இல்லாமல் விடப்பட்ட வீட்டில் இருக்கும் குடித்தனக்காரர், காலி செய்வதை இரண்டு மாதம்வரை தள்ளிவைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வீட்டுக்காரரோடு பகிர்ந்து தங்கும் அறைவாசிக்கு அந்த இரண்டு மாதமும் கிடையாது. உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் அந்த இடத்தில்தான் நிற்பார். அனுமதிக் கடிதம் இருந்தால் அவருக்கு எல்லாப் பாதுகாப்பும் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளித்து வைக்கப்பட்ட ஆளாக அவர் இருக்க மாட்டார்.

கடிதம் எழுதுவது கஷ்டமே இல்லை. கடன் எண், நீங்கள் அங்கேயே தொடர்ந்து குடியிருக்கிறீர்கள் என்பது, எத்தனை அறை, எவ்வளவு காலம், மாத வாடகை, எது எது பகிர்ந்துகொள்ளப்படும் — ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரில் என்றால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கிளையில் வாய்மொழியாக "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்று சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். அந்த அலுவலர் அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார். எழுத்தில் பதில் வாங்கி, பத்திரத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் சங்க விதிகளையும், அரசு வீட்டு வாரிய வீடு என்றால் அதன் விதிகளையும் பாருங்கள். சிங்கப்பூரில் வீட்டு வாரிய வீடு என்றால் வாரியத்தின் அனுமதி வாங்காமல் அறையை விடவே முடியாது. குறைந்தது ஆறு மாதத்துக்கு விட வேண்டும், வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடன் உள்ள வீட்டில் பெரிய முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிய சிறு தொகையையும் கடனில் கட்டிவிடாதீர்கள். "சும்மா கிடக்கும் பணம்தானே, அசலில் போட்டால் வட்டி மிச்சம்" என்று தோன்றும். அந்தப் பணம் அவருடையது. அவர் காலி செய்யும் நாளில் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். தென்கொரியாவில் மாத வாடகைக்குப் பதிலாக மிகப் பெரிய முன்பணம் கொடுத்துத் தங்கும் 'ஜொன்செ' முறை உண்டு. வீட்டு விலை சரிந்தபோது, கடன் சுமந்த வீடுகள் ஏலத்துக்குப் போய், வங்கிக்குப் போக மிச்சமில்லாமல், வாழ்நாள் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். ஏமாற்றப்பட்டவர்களுக்கு உதவுவதற்காக 2023-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஓர் அறைக்கு அட்வான்ஸ் கொஞ்சம்தான், ஆனால் கொடுப்பவருக்கு அது கொஞ்சமாக இருக்காது. நான் அதற்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், தொடுவதில்லை.

காப்பீட்டுக்கும் தகவல் கொடுங்கள். வீட்டில் வெளியாள் தங்குகிறார் என்றால், பூட்டை உடைத்து நுழைந்த திருட்டுக்கு மட்டுமே இழப்பீடு என்று பல பாலிசிகள் சுருக்கிவிடுகின்றன. சொல்லாமல் விட்டால் தீ விபத்து போன்ற பெரிய இழப்பிலும் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வாடகை வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் சொந்தக் குடியிருப்பில் அறை விட்டால், 2016 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 7,500 பவுண்டுவரை வரி இல்லை. இந்தியாவில் வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு இன்ன பிறவற்றுக்காக நிலையாகக் கழித்துக்கொள்ளலாம், வாடகைக்கு விட்ட பகுதிக்கான கடன் வட்டியையும் கழிக்கலாம். பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது: தவணை முழுவதும் செலவு ஆகாது. அசலைத் திருப்பிக் கட்டுவது வாடகை வருமானத்துக்கு எதிரான செலவு இல்லை. வட்டியிலும் அந்த அறைக்கு உரிய பங்கு மட்டுமே, அதுவும் உங்கள் நாட்டு விதி அனுமதித்தால்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வாடகையைத் தவணைக்குக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை இல்லாமலே தவணையை உங்களால் கட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக விடுங்கள். வரும் பணத்தைத் தவணைக்கு மேலே கூடுதலாகக் கட்டுங்கள். அதன் பலன் பெரிது. 20 ஆண்டுக் கடன், 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தவணையில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பங்கு வட்டிக்கே போகிறது, அசலில் 18 பங்குதான் குறைகிறது. அதே கடனில் தவணையின் ஐந்தில் ஒரு பங்கை மாதாமாதம் கூடுதலாகக் கட்டி வந்தால், 20 ஆண்டு ஏறக்குறைய பதின்மூன்றரை ஆண்டாகச் சுருங்கிவிடும். கூடுதல் தொகை முழுவதும் நேராக அசலுக்குப் போவதுதான் காரணம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் அறை காலியாக இருந்தாலும் தவணை தடுமாறும் என்ற நிலையில் இருந்தால், நான் அறையை விடச் சொல்ல மாட்டேன். அறை காலியாகத்தான் போகும். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் இடைவெளி விழும். மின்சாரமும் தண்ணீரும் கூடும், சுவருக்கு வர்ணம் அடிக்க வேண்டிவரும். அதைவிட, வாடகையை நம்பி இருக்கும்போது ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை போய்விடும். யார் முதலில் பணம் நீட்டுகிறாரோ அவருக்குச் சாவியைக் கொடுத்துவிடுவோம். அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பது நல்லது. தவணை தவறுவதற்கு முன்பு போய்க் கேட்பவரிடம் வங்கிகள் காட்டும் முகமே வேறு. அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அறையைப் பற்றி யோசிக்கலாம்.

குடிவருபவரிடம் வீட்டின் மேல் கடன் இருக்கிறது, வங்கி அனுமதி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நான் கடிதத்தின் நகலையே காட்டிவிடுகிறேன். இதைக் கேட்டு யாரும் பின்வாங்கியதில்லை. ஒப்பந்தத்தில் மற்றவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வங்கியிலிருந்து அந்த வீட்டைப் பற்றி நோட்டீஸ் ஏதும் வந்தால் உடனே அவருக்குத் தெரிவிப்பேன் என்றும் எழுதுங்கள். அவருக்கு வேறு இடம் தேட நாள் வேண்டும், இல்லையா?

ஒருவேளை வங்கி மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தனிப் பகுதியாக விடுவதற்கு மறுத்த வங்கி, பகிர்ந்து தங்கும் ஒருவருக்கு, 11 மாத ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு. கடிதத்தைத் திருத்தி மறுபடி கொடுங்கள்.