பசுவின் பின்குளம்புகள் இடம் மாறுவது ஏன்?

நொண்டும் பசுவின் நடையை ஒரே பக்கக் கேமராவில் எடுத்து, காணொளியில் விலங்கின் உடல் பாகங்களைத் தானாகப் பின்தொடரும் டீப்லேப்கட் என்ற மென்பொருளுக்கு, 200 பிரேம்களில் (காணொளியின் தனிப்படங்களில்) குளம்புகளைக் குறியிட்டுப் பயிற்சி அளித்த பிறகும், கால்கள் ஒன்றையொன்று கடக்கும் தருணத்தில் இடது, வலது பின்குளம்புகளுக்கு அது வைக்கும் புள்ளிகள் இடம் மாறிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 2018இல் இக்கருவி அறிமுகமானபோதே, பல பணிகளுக்கு ஏறக்குறைய 200 பிரேம்கள் போதும் என்று காட்டப்பட்டது. ஆகவே குறை எண்ணிக்கையில் அல்ல, பிரேம்களின் தேர்வில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கால்கள் கடக்கும் பிரேம்களையே தேடி எடுத்துக் குறியிடுங்கள். முழுதும் மறைந்த குளம்புக்கு ஊகத்தில் புள்ளி வைக்காதீர்கள். இடது, வலது என்பவை திரையைப் பொறுத்தவை அல்ல, பசுவைப் பொறுத்தவை என்பதில் உறுதியாக இருங்கள். பயிற்சியின்போது படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இயங்கினால், இடக்கால் வலக்காலாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிடுங்கள்.

ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசப்படும் குளம்பு, 1/60 நொடியில் 5 சென்டிமீட்டர் நகர்ந்து வெறும் சாம்பல் தீற்றலாகப் பதியும். 1/500 நொடியில் அந்த நகர்வு 6 மில்லிமீட்டர்தான். தொழுவத்தின் மங்கலான வெளிச்சத்தில் இதற்குக் கூடுதல் விளக்கு தேவைப்படலாம்.

இடமாற்றம் நிகழும்போதும் நம்பக மதிப்பு (ஒரு புள்ளி எவ்வளவு உறுதியானது என்று மென்பொருளே 0 முதல் 1 வரை தரும் மதிப்பெண்) உயர்ந்தே இருக்கக்கூடும், எனவே 0.6க்குக் கீழுள்ள புள்ளிகளை நீக்குவதோடு நில்லாமல், அடுத்தடுத்த பிரேம்களில் குளம்பு திடீரெனத் தாவும் இடங்களைப் பிரித்தெடுத்து, திருத்தி, மறுபயிற்சி அளியுங்கள். ஒரு காலில் வண்ணத்துணி கட்டலாம்தான். ஆனால் அது மென்பொருள் சார்ந்துவிடும் செயற்கை அடையாளம் (மார்க்கர்) ஆகிவிடும், துணி கட்டாத பசுவிடம் மென்பொருள் மீண்டும் தடுமாறும்.