வெளிநாட்டுச் சம்பளமும் வருமான வரியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவிலிருந்து மாதம் 40,000 ரூபாய் அனுப்புகிறார். அதற்கு நான் வரி கட்ட வேண்டுமா? (வாசகி, பாறசாலை)

பதில்: வேண்டாம். கணவர் மனைவிக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் ஆகாது. அதை உங்கள் பெயரில் வைப்பு வைத்தால், அந்த வட்டி அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும்.

கேள்வி: 2025 செப்டம்பர் 20 அன்று சவுதியின் தம்மாமுக்கு, மாதம் 2,500 ரியால் சம்பளத்தில், வேலைக்குச் சென்றேன். தங்கையின் திருமணத்துக்காக மார்ச்சில் பத்து நாள் ஊருக்கு வந்து திரும்பினேன். சவுதியில் வரி இல்லாததால் இங்கும் இல்லை என்கிறார்களே? (வாசகர், கொல்லங்கோடு)

பதில்: சொல்பவர்கள் உங்கள் நாள்களை எண்ணவில்லை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 20 வரை 173 நாள், மார்ச்சில் பத்து நாள், ஆக 183. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கிருந்தால் அவர் வரிக் கணக்கில் உள்நாட்டுவாசி (ரெசிடென்ட்). அதற்கு முன் எப்போதும் ஊரிலேயே இருந்தவர் என்பதால் உங்கள் சவுதிச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். மாதம் 2,500 ரியால் என்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லையெனில் வரி வராது. ஆனால் தம்மாமில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உள்நாட்டுவாசி, வரி இல்லாவிட்டாலும் ஐ.டி.ஆர்.-2 என்ற வருமான வரி அறிக்கைப் படிவத்தில் அக்கணக்கைக் காட்டி அறிக்கை தாக்கல் செய்தே ஆக வேண்டும். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து வையுங்கள். திருமணத்துக்கு இரண்டு நாள் தாமதமாக வந்திருந்தால் கணக்கு 181 நாளில் நின்று, இந்த அறிக்கை வேலையே இருந்திருக்காது.

கேள்வி: சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் ஐந்து மாதம் வேலை செய்தேன். அங்கே 15 சதவீதம் வரி பிடித்தார்கள். அதை இங்கே திரும்பப் பெறலாமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: சிங்கப்பூருக்குக் கட்டியதை இந்திய அரசு திருப்பித் தராது. அதே சம்பளத்துக்கு இங்கும் வரி வந்தால், அந்த அளவுக்கு மட்டும், அதற்கான படிவம் மூலம் கழித்துக்கொள்ளலாம். இங்கே வரி பூஜ்யமானால் கழிவும் பூஜ்யம்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறேன். வீட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு வரி அறிக்கை கேட்டதால், ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கு ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் வருமானம் காட்டி ஐ.டி.ஆர்.-1 போட்டுக் கொடுத்தார். இப்போது என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) வைப்பு வட்டியில் 31.2 சதவீதம் வரி பிடித்துவிட்டார்கள். எப்படித் திரும்பப் பெறுவது? (வாசகர், களியக்காவிளை)

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் மார்த்தாண்டம் முதல் நெய்யாற்றின்கரை வரை ஊர் பெயரை மட்டும் மாற்றி மாதந்தோறும் எனக்கு எழுதுகிறார்கள். ஜெராக்ஸ் எடுக்கும் கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு, இல்லாத வருமானத்தைச் சொல்லி, உண்மை என உறுதிமொழி கொடுத்து, நீங்கள் அரசிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். கடைக்காரர் மீது பழி போட முடியாது, ஓ.டி.பி. வந்தது உங்கள் கைபேசிக்கு. ஐ.டி.ஆர்.-1 வெளிநாட்டுவாசிக்கு (என்.ஆர்.ஐ.) உரிய படிவமே அன்று. அதைப் போட்டதன் மூலம் உங்களை உள்நாட்டுவாசி என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்; உள்நாட்டுவாசி என்றால் துபாய்ச் சம்பளம் எங்கே, துபாய் வங்கிக் கணக்கு எங்கே என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்? இத்தனைக்கும் இது தேவையே இல்லை. பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, என்.ஆர்.ஈ. கணக்கு (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பி வைக்கும் கணக்கு) விவரம் ஆகியவற்றை வைத்தே வங்கிகள் வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு வீட்டுக் கடன் தருகின்றன.

இனிச் செய்ய வேண்டியது: பழைய அறிக்கைகளில் திருத்தக் காலம் முடியாதவற்றை உடனே திருத்துங்கள், முடிந்தவற்றைப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் ஒளிக்காமல் காட்டுங்கள். வட்டி பிடித்தம் உள்ள ஆண்டுக்கு வெளிநாட்டுவாசியாக ஐ.டி.ஆர்.-2 தாக்கல் செய்யுங்கள். புதிய வரி முறையில் இந்திய வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தால் பிடித்த முழுத்தொகையும் திரும்ப வரும். அமீரகத்தின் வரிவாசச் சான்றிதழை (நீங்கள் அங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவர் என அந்நாடு தரும் சான்று) முன்கூட்டியே வங்கியில் கொடுத்தால் பிடித்தமே 12.5 சதவீதமாகக் குறையும். பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகல் இங்கும் வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு வரி உண்டா? (வாசகர், பாலக்காடு)

பதில்: எந்த நாடு, எப்போது சென்றீர்கள், இங்கே எத்தனை நாள், என்ன வருமானம்? ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்க்க எனக்குத் தெரியாது.

கேள்வி: குவைத்தில் இருக்கிறேன். அப்பா எழுதித் தந்த ரப்பர் தோட்டத்தில் பால் விற்ற பணத்துக்கு வரி உண்டா? (வாசகர், குலசேகரம்)

பதில்: தோட்டம் இந்தியாவில் இருப்பதால் அது விவசாய வருமானம், வரி இல்லை.

கேள்வி: மஸ்கட்டில் வேலை செய்கிறேன். ஊரில் பத்தாண்டு முன் வாங்கிய வீட்டு மனையை 30 லட்சத்துக்கு விற்கிறேன். 12 லட்சம் வரை வரி இல்லை அல்லவா? (வாசகர், அருமனை)

பதில்: அந்தச் சலுகை உள்நாட்டுவாசிக்கு மட்டுமே, அவர்களுக்கும் மனை லாபத்துக்குக் கிடையாது. நீங்கள் லாபத்தில் 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். வாங்குபவரோ, குறைவாகப் பிடிக்கலாம் என்ற வரித்துறைச் சான்றிதழ் இல்லையெனில், பெரும்பாலும் முழு விலைக்கும் அந்த விகிதத்தில் பிடித்துவிடுவார். எனவே பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கும் முன்பே, அந்தச் சான்றிதழ் கோரி வரித்துறைக்கு விண்ணப்பியுங்கள்.