நேர்மையாக வேலை செய்யும் மாநில அரசு ஊழியரைப் பொதுமக்கள் எப்படிப் பாராட்டுவது? அதனால் அவருக்கு ஏதாவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் தன் ஊர் வி.ஏ.ஓ.வைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, அவர் பத்து பைசா வாங்காமல் வீட்டுக்கே வந்து விசாரித்து, இழுத்தடிக்காமல் அறிக்கை அனுப்பினாராம். சால்வை போடலாமா, ஃபேஸ்புக்கில் எழுதலாமா, கலெக்டருக்குச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, டெல்டா மாவட்டம் ஒன்றின் கலெக்டர் ஆபீஸில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பணி அமைப்புப் பிரிவில் இருந்த காலத்தில் ஊழியர்களின் பணிப்பதிவேடு, தண்டனைக் கோப்பு, நற்சான்றிதழ் பட்டியல் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடிதம் எழுதுங்கள். தாளில், உங்கள் முகவரியோடு, கையெழுத்துப் போட்டு, அவருடைய மேலதிகாரிக்கு. ஏன் இதையே சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

அரசே தரும் விருதுகள் இல்லாமல் இல்லை. ஆசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது இருக்கிறது. செப்டம்பர் 5ஐ ஒட்டி வெள்ளிப் பதக்கமும் 10,000 ரூபாயும் சான்றிதழும் தருவார்கள். ஊரில் இன்னமும் நல்லாசிரியர் விருது என்றுதான் பெயர். உயிரைப் பணயம் வைத்து அடுத்தவரைக் காப்பாற்றியவர்களுக்குக் குடியரசு தினத்தன்று அண்ணா பதக்கம். இது அரசு ஊழியர்களுக்கும் உண்டு, பொதுமக்களுக்கும் உண்டு. சுதந்திர தினத்தில் தரும் நல் ஆளுமை விருது பெரும்பாலும் ஒரு திட்டத்துக்காகத் தரப்படுவது. காவல்துறைக்குத் தனிப் பதக்கங்கள். இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் லட்சக்கணக்கான பேருக்கு மிச்சமிருப்பது, ஜனவரி 26இலும் ஆகஸ்ட் 15இலும் மாவட்டத் தலைநகர மைதானத்தில் கொடி ஏற்றியபின் கலெக்டர் கையால் தரும் நற்சான்றிதழ் ஒன்றுதான்.

அது எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு எல்லாத் துறைகளின் மாவட்ட அலுவலர்களுக்கும் பெயர் கேட்டுக் கடிதம் போகும். அவர்கள் தங்கள் கீழ் அலுவலகங்களுக்கு எழுதுவார்கள். தேதி நெருங்கியதும் போன் மேல் போன். கடைசியில் அந்தந்த ஆபீஸில் பெயர் எழுதும் ஆளின் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருப்பவர்கள்தான் பட்டியலில் ஏறுவார்கள். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்துவிட்டுச் சான்றிதழ் அச்சிடுவோம். அதில் பெயர் இருக்கும், பதவி இருக்கும், பணியைச் சிறப்பாகச் செய்தமைக்காக என்று ஒரு வரி இருக்கும். என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்று ஒரு சொல் இருக்காது. நூறு பேருக்கும் அதே வரிதான். வாங்கியவர்கள் அதை வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள், பிள்ளைகளிடம் காட்டுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் வாங்க வேண்டிய பலர் அந்த மைதானத்துக்கு வந்ததே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 15 ராத்திரி, மண்டலக் குழுவோடு நான் ஒரு கடலோரக் கிராமத்தில் இருந்தேன். புயல் மறுநாள் விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. அதற்குள் மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தோம். செய்தியில் இது ஒரு வரி. அந்த ஊரில் அந்த வேலையைச் செய்தவர் கிராம உதவியாளர், ஊர்வழக்கில் தலையாரி. எந்தக் குடிசையில் யார் படுத்த படுக்கை, யார் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யார் கூப்பிட்டால் வரமாட்டார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

ஊர்க் கோடியில் ஒரு கிழவி மட்டும் அசையவில்லை. "ஆட்டை விட்டுட்டு நான் எங்கடா வர்றது?" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அதிகாரிகள் நின்று எச்சரித்துக்கொண்டிருந்தோம். தலையாரி குனிந்து ஆடுகளின் கயிற்றை அவிழ்த்தார். "ஆட்டோடயே வா ஆயா" என்று முன்னால் நடந்தார். பள்ளிக்கூட வாசலில் ஆட்டைப் பார்த்ததும் முகாமில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மா முதலில் முடியாது என்றவர், கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமையற்கூடத்துக்குள் அரிசி மூட்டைகளை உயரத்தில் ஏற்றி ஆடுகளுக்கு இடம் விட்டார். அந்தக் கூடத்தின் இன்னொரு பக்கம் சமையலர் முகாமுக்கே உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் கிழவியின் குடிசை இருந்த இடத்தில் ஒரு தென்னை மரம் கிடந்தது. தலையாரி வீட்டிலும் கூரை இல்லை. அவர் மத்தியானம் வரை மரம் வெட்டும் ஆட்களோடு ரோட்டில் நின்றார்.

அடுத்த ஜனவரி 26 பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் 1077 போனை எடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களும் தூங்காமல் உழைத்தவர்கள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. தலையாரி பெயரை ஏன் அனுப்பவில்லை என்று கீழ் அலுவலகத்தில் கேட்டேன். "எதை வச்சு சார் எழுதறது? ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். உண்மைதான். முகாம் பதிவேட்டில் எத்தனை பேர் தங்கினார்கள், எவ்வளவு அரிசி செலவானது என்பது இருக்கும். கிழவி ஏன் உயிரோடு இருக்கிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு பிறப்பது புகார் வரும்போது. எதுவும் தப்பாக நடக்காத இடத்தில் காகிதமே இருக்காது.

அதே கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும்கூட மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். ஊர் மக்கள் சோறு போட்டார்கள், கண்ணீரோடு வழியனுப்பினார்கள். அதை ஒருவராவது அவர்களுடைய உதவி செயற்பொறியாளருக்கு எழுதிப் போட்டிருப்பார்களா?

கிராம சுகாதார செவிலியரையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒரு அம்மா. கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கித் தருவது, ரத்தம் குறைவு என்றால் மாத்திரை சாப்பிட்டாயா என்று வீட்டுக்கு வந்து திட்டுவது, புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடிப் போவது எல்லாம் அந்த அம்மாதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. வீட்டுப் படி ஏறி சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் பெண்கள் இன்னமும் ஊக்கத்தொகையில்தான் இருக்கிறார்கள்.

பாராட்டு என்று பேசிக்கொண்டு சம்பளத்தை விட்டுவிட முடியாது. சத்துணவில் புதிதாகச் சேரும் சமையல் உதவியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். அதன்பிறகு 3,000 - 9,000 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த திட்டம், உலகமே பார்த்து வியந்தது என்கிறோம். அடுப்படியில் நிற்பவருக்கு நாம் தரும் மதிப்பு இவ்வளவுதானா என்ற கேள்வி எனக்கு ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. இதைச் சான்றிதழ் கொடுத்து ஈடுகட்ட முடியாது, அரசாணைதான் வேண்டும்.

"வேலைக்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள், எதற்குப் பாராட்டு?" என்று சிலர் கேட்பது நியாயம்தான். லஞ்சம் கொடுத்து நொந்தவர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது; லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தயங்காமல் போங்கள். ஆனால் ஒரே ஆபீஸில் வாங்குகிறவரும் இருக்கிறார், வாங்காதவரும் இருக்கிறார். "எல்லாருமே திருடனுங்க" என்று நாம் சொல்லும்போது வாங்குகிறவருக்கு வலிப்பதில்லை. வாங்காதவர்தான் ராத்திரி வீட்டுக்குப் போய் யோசிக்கிறார், நாம் எதற்கு இப்படி இருக்கிறோம் என்று. பதவி உயர்வும் பெரும்பாலும் பணிமூப்புப்படிதான். வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதைத் தடுக்க அந்த முறை இருக்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதன் விளைவு, நன்றாக உழைத்தவரின் எஸ்.ஆரும் (பணிப்பதிவேடு) ஒப்புக்கு வந்துபோனவரின் எஸ்.ஆரும் ஓய்வு பெறும் நாளில் ஒரே மாதிரி இருக்கும்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். கையெழுத்திட்ட கடிதம் ஆபீஸுக்கு வந்தால் தபாலில் பதிவாகும். ந.க. எண், அதாவது கோப்பு எண், விழும். சம்பந்தப்பட்ட பிரிவு உதவியாளர் தன்னிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறும். ஏறிவிட்டால் அதன்மேல் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்துத்தான் முடிக்க முடியும். குறைந்தபட்சம் அவருடைய கோப்பில் சேரும். நல்ல அதிகாரியாக இருந்தால் பாராட்டி ஒரு கடிதம் போடுவார். அடுத்த நற்சான்றிதழ் பட்டியலுக்கு "எதை வச்சு எழுதறது" என்ற கேள்வியும் வராது.

இன்னொரு பயன் இருக்கிறது, அதுதான் பெரியது. மழையில் நெல் மூழ்கிய ஒரு வருடம் ஒரு வி.ஏ.ஓ. வரப்பு வரப்பாக நடந்து பயிர்ச் சேதம் கணக்கெடுத்தார். 33 சதவீதமும் அதற்கு மேலும் பாதித்திருந்தால்தான் நிவாரணம். பட்டாதாரர் வெளியூரில் இருக்க, உழுதது குத்தகைக்காரர் என்றால் அவர் பெயரையும் விசாரித்து எழுதினார். சேதமே இல்லாத வயலைச் சேர்க்கச் சொன்ன ஒருவருக்கு முடியாது என்றார். சில மாதத்தில் அவர்மேல் பணம் வாங்கினார் என்று மனு வந்தது. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் 17(ஆ) குற்றச்சாட்டு வரை போகும் நிலை. ஆபீஸில் 17பி என்றாலே குடும்பத்தோடு தூக்கம் போய்விடும். பதவி உயர்வு நிற்கும், ஓய்வுப் பலன் நிற்கும். விசாரணை அதிகாரி கோப்பைப் புரட்டியபோது, மனு வருவதற்கு முன்பே குத்தகை விவசாயிகள் சிலர் சேர்ந்து எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று அதில் இருந்தது. சர்வே எண் போட்டு, எந்தத் தேதியில் வந்து பார்த்தார் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி அவர்களை நேரில் அழைத்து விசாரித்தார். நடவடிக்கை அதோடு கைவிடப்பட்டது.

ஆகவே புகழ்ச்சி வேண்டாம், விவரம் எழுதுங்கள். பெயர், பதவி, ஊர், தேதி, உங்கள் விண்ணப்ப எண், அவர் என்ன செய்தார், எத்தனை நாளில் செய்தார். வி.ஏ.ஓ., தலையாரி என்றால் வட்டாட்சியருக்கு எழுதி கலெக்டருக்கு ஒரு நகல். செவிலியர் என்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு. சத்துணவு ஊழியர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். "எனக்காக விதியைத் தளர்த்தினார்", "ஆவணம் குறைவாக இருந்தும் செய்து கொடுத்தார்" என்று அன்பில் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி போதும், அவருக்கே விளக்கம் கேட்டு மெமோ போகும். கட்சி லெட்டர்பேடிலும் எழுத வேண்டாம். சால்வை, விழா, பரிசுப் பொருள் வேண்டாம். 1973ஆம் வருட நடத்தை விதிகளின்படி பாராட்டு விழாவுக்கே அவர் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், பரிசு அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளும். ஃபேஸ்புக்கில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், நல்லதுதான். ஆனால் அது கோப்பில் ஏறாது.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலில் ஒரு பிரதி எடுத்து உங்கள் வி.ஏ.ஓ. கையிலும் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அடிக்கடி இடமாறுதல் வரும். கோப்பு ஒரு தாலுகாவில் இருக்கும், ஆள் இன்னொரு தாலுகாவில் இருப்பார்.